சைபீரியாவுக்குப் போன செவிலி: எல்சா பிரெண்ட்ஸ்ட்ரோம் அம்மையார்

(சபையின் ஆண்டு விழா மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பிறருக்காக வாழ்ந்த ஒருவரைப் பற்றிப் பேசுங்கள். நீங்கள் நர்ஸ்தானே, ஒரு நர்ஸைப் பற்றியே பேசலாமே" என்று விழாக் குழுவினர் என்னிடம் கேட்டுக்கொண்டார்கள். நர்ஸ் என்றதும் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருவார். அவரைப் பற்றிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். நான் இன்று நம் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லப்போகிறேன். நம் ஊர் என்று நான் சொல்வது இந்த டிரெஸ்டனைத்தான். அவர் இங்கே பிறந்தவர் அல்ல, இங்கே மரித்தவரும் அல்ல. வேறு தேசத்திலிருந்து வந்து, சில வருடங்கள் இங்கே குடியிருந்து, இங்கே ஒரு பிள்ளையைப் பெற்று, பிறகு கடல் கடந்து போனவர். அப்படிப் பார்த்தால் அவரும் நம்மில் பலரைப் போன்றவர்தான்.

அவர் பெயர் எல்சா பிரெண்ட்ஸ்ட்ரோம். சுவீடன் தேசத்துப் பெண். முதல் உலகப் போரில் சிறைபிடிக்கப்பட்ட வீரர்கள் அவரைச் 'சைபீரியாவின் தேவதூதர்' என்று அழைத்தார்கள். ஜெர்மனியில் பல ஊர்களில் அவர் பெயரில் தெருவும் பள்ளிக்கூடமும் இருக்கின்றன. பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டே கடந்து போகிறோம். அந்தப் பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இன்று கொஞ்சம் பார்ப்போம்.

எல்சா 1888 மார்ச் 26 அன்று ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் பிறந்தார். அவருடைய தகப்பனார் சுவீடன் ராணுவ அதிகாரி. அப்போது அங்கே தூதரகப் பணியில் இருந்தார். எல்சா சிறு பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் சுவீடனுக்குத் திரும்பியது. 1906-இல் தகப்பனார் மறுபடியும், இந்த முறை தூதராகவே, பீட்டர்ஸ்பர்க்குக்குப் போனார். எல்சா ஸ்டாக்ஹோமில் ஆசிரியைப் பயிற்சி படித்துவிட்டு 1908-இல் அங்கே போய்ச் சேர்ந்தார். ஜார் சக்கரவர்த்தியின் அரண்மனை விருந்துகளுக்கு அழைக்கப்படும் குடும்பம். தூதரின் மகளாக, ஒரு குறையும் இல்லாமல், காலம் முழுவதும் அப்படியே வாழ்ந்திருக்கலாம்.

1914-இல் போர் வந்தது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அந்தப் போர் எப்படித் தெரியும் என்றால், 'எம்டன்' என்ற ஒரு சொல்லால் தெரியும். அந்த ஆண்டு செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் மதராஸ் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள்மேல் குண்டு வீசியது. அன்றிலிருந்து கெட்டிக்காரத்தனமாக ஏய்க்கிறவனை 'அவன் ஒரு எம்டன்' என்று சொல்கிறோம். ஒரு சொல்லாக நம் பேச்சில் தங்கிவிட்ட அந்தப் போர், ரஷ்யாவில் வேறு விதமாக இருந்தது. பீட்டர்ஸ்பர்க் என்ற பெயரே ஜெர்மானியப் பெயர் மாதிரி இருக்கிறது என்று அதைப் 'பெட்ரோகிராட்' என்று மாற்றினார்கள். ஜெர்மானியத் தூதரகத்துக்குள் ஜனங்கள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். அந்த ஊரில்தான் எல்சா நர்ஸாகச் சேவை செய்ய முன்வந்தார். முதலில் காயமடைந்த ரஷ்ய வீரர்களைக் கவனித்தார். பிறகு அவர் கண்ணில் பட்டவர்கள் ஜெர்மானிய, ஆஸ்திரியக் கைதிகள். அவர்களைச் சைபீரியாவுக்கு ரயிலேற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் போரில் ரஷ்யாவிடம் சிறைப்பட்டவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். அவ்வளவு பேரை வைத்துக் காப்பாற்ற அங்கே ஏற்பாடே இல்லை. கோடைக்கால உடுப்போடு பிடிபட்டவர்கள், பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிர் அடிக்கும் இடத்துக்குப் போனார்கள். 1915-இல் எல்சாவும் அவருடைய தோழி எத்தல் ஃபோன் ஹைடன்ஸ்டாமும் சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் சைபீரியாவுக்குப் புறப்பட்டார்கள். எல்சாவுக்கு அப்போது 27 வயது.

அங்கே அவர்கள் கண்ட எதிரி குளிர் மட்டும் அல்ல, ஒரு காய்ச்சலும்தான். இந்த இடத்தில் ஒரு நர்ஸாக உங்களுக்குக் கொஞ்சம் பாடம் நடத்த அனுமதி கொடுங்கள்.

கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்த பிறகு, பிள்ளையைக் கீட்டாவில் விட்டுவிட்டு, மூன்று வருடம் இங்கே நர்சிங் படித்தவள் நான். நோய்களின் பெயர்களில் என்னை அதிகம் குழப்பியது 'டூஃபுஸ்' என்ற சொல். ஜெர்மன் மொழியில் 'டூஃபுஸ்' என்றால் நாம் ஊரில் சொல்லும் டைஃபாய்டு. தண்ணீரிலும் சாப்பாட்டிலும் பரவுவது. ஆங்கிலத்தில் டைஃபஸ் என்கிறார்களே, அது வேறு நோய். அதற்கு ஜெர்மன் மொழியில் 'ஃப்ளெக்ஃபீபர்', அதாவது புள்ளிக் காய்ச்சல் என்று பெயர். சைபீரியக் கைதி முகாம்களில் ஆயிரம் ஆயிரமாக மனிதர்களைக் கொன்றது இந்தப் புள்ளிக் காய்ச்சல்.

இது பேனால் வருவது. தலைப்பேன் அல்ல, பிள்ளைகள் பயப்பட வேண்டாம். துணியின் தையல் மடிப்புகளில் ஒளிந்திருக்கும் உடம்புப் பேன். அந்தப் பேனின் எச்சத்தில் கிருமி இருக்கும். கடித்த இடத்தைச் சொறியும்போது கிருமி உள்ளே போய்விடும். ஒன்றிரண்டு வாரத்தில் கடுமையான காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, உடம்பெல்லாம் சிவந்த புள்ளிகள், பிறகு பிதற்றல். இன்றைக்கு டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண மாத்திரையில் இது குணமாகிவிடும். அன்றைக்கு மருந்து எதுவும் கிடையாது. இன்னொரு விஷயம். ஒருவனுக்குக் காய்ச்சல் ஏறினாலும், அவன் செத்து உடம்பு குளிர்ந்தாலும், பேன் அவனை விட்டுவிட்டுப் பக்கத்தில் படுத்திருப்பவன்மேல் ஏறும். குளிருக்காக ஒருவரோடு ஒருவர் ஒட்டிப் படுத்திருக்கும் இடத்தில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மாற்றுத் துணி கிடையாது, துவைக்க வழி கிடையாது, சோப்பு கிடையாது. நோயாளியும் நோயில்லாதவனும் ஒரே பலகையில் படுத்தார்கள். சில முகாம்களில் ஒரே குளிர்காலத்தில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நிலம் உறைந்து கிடந்ததால் இறந்தவர்களை அடக்கம் பண்ணவும் முடியவில்லை.

இப்போது எல்சா என்ன செய்தார் என்று பார்ப்போம். கைதிகளோடு உட்கார்ந்து ஆறுதல் சொன்னார், அது உண்மை. அதைவிட முக்கியமாக அவர் செய்தது, எண்ணிப் பார்த்து, எழுதி வைத்து, கேட்டு வாங்கியது. எத்தனை பேர், எத்தனை கம்பளி, எத்தனை ஜோடி உள்ளாடை, எவ்வளவு வைக்கோல், எத்தனை அடுப்பு என்று கணக்கெடுத்தார். நோயாளிகளைத் தனியே பிரித்து வைக்க வேண்டும் என்று முகாம் அதிகாரிகளிடம் போராடினார். சைபீரியாவை ஊடறுத்துப் போகும் ரயில் பாதையில் செஞ்சிலுவைச் சங்கத்தின் பெட்டிகள் துணியும் மருந்தும் ஏற்றிக்கொண்டு முகாம் முகாமாகப் போயின. துணி கொடுப்பது என்றால் நாம் தர்மம் என்று நினைப்போம். பேனால் பரவும் காய்ச்சலுக்கு முன்னால் ஒரு சுத்தமான சட்டைதான் மருந்து. பழைய சட்டையைக் கொதிக்க வைத்து, புதிய சட்டையை மாட்டிவிட்டால், அங்கே ஒரு உயிர் தப்பியது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கைதிகளைச் சரியாகப் பராமரிக்காதது ரஷ்யா மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நமக்கு வடக்கே, ரயிலில் போனால் இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய கொட்புஸ் நகரத்தில், ஜெர்மானியர்கள் ரஷ்யக் கைதிகளை வைத்திருந்த முகாம் இருந்தது. அங்கேயும் இதே புள்ளிக் காய்ச்சல். அந்த நோயை ஆராயப் போன ஸ்டானிஸ்லாவுஸ் ஃபோன் புரோவாட்செக் என்ற விஞ்ஞானி, அதே நோய் தொற்றி 1915 பிப்ரவரியில் அங்கேயே இறந்தார். இன்றைக்கும் அந்தக் கிருமியின் அறிவியல் பெயரில் அவர் பெயர் இருக்கிறது. பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டோர்ஃப் பக்கத்தில் இந்தியச் சிப்பாய்களையும் ஜெர்மானியர்கள் சிறை வைத்திருந்தார்கள். அங்கே செரன்ஸ்டோர்ஃப் என்ற இடத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களின் கல்லறைகள் இருக்கின்றன. அவர்களும் ஒரு தாயின் பிள்ளைகள்தான்.

அதே நேரத்தில் நம் தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் திருச்சபை வரலாற்றுக்கும் இந்தச் சாக்சனி மாநிலத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு ஐயர் பிறந்த புல்ஸ்நிட்ஸ், இங்கிருந்து கூப்பிடு தூரம். 1836-இல் இதே டிரெஸ்டனில் ஒரு மிஷன் சங்கம் தொடங்கியது. அது 1848-இல் லைப்சிக் நகரத்துக்கு இடம் மாறி லைப்சிக் மிஷன் ஆனது. அந்த மிஷனரிகள்தான் தஞ்சாவூர், தரங்கம்பாடிப் பக்கத்துச் சபைகளையும் பள்ளிக்கூடங்களையும் நடத்தி வந்தார்கள். போர் வந்ததும் அவர்கள் எல்லோரும் ஆங்கில அரசுக்கு எதிரி நாட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். அவர்களைக் காவலில் வைத்து, பிறகு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மேய்ப்பர் இல்லாமல் நின்ற அந்தத் தமிழ்ச் சபைகளைத் தாங்கிப் பிடித்தவர்கள் யார் தெரியுமா? சுவீடன் திருச்சபையின் மிஷனரிகள். 1919 ஜனவரி 14 அன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. 1921-இல் அதன் முதல் பேராயர் ஆனவர் சுவீடன்காரராகிய ஏர்ன்ஸ்ட் ஹாய்மான்.

ஆகவே அந்த வருடங்களில் சுவீடன்காரர்கள் சைபீரியாவில் ஜெர்மானியக் கைதிகளுக்குத் துணி கொடுத்தார்கள். அதே வருடங்களில் தரங்கம்பாடியில் ஜெர்மானியர் விட்டுச் சென்ற தமிழ்ச் சபைகளைப் பராமரித்தார்கள். என் தாத்தா காலத்துச் சபைக்குக் கிடைத்த உதவியும், எல்சா அம்மையார் கொடுத்த உதவியும் ஒரே தேசத்து ஜனங்களிடமிருந்து வந்தவை. போரில் சேராத ஒரு சிறிய நாடு, இரண்டு பக்கமும் போய்வர முடிகிற தன் நிலையை அப்படிப் பயன்படுத்தியது. நடுநிலை என்றால் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பது என்று நாம் எண்ணுகிறோம். அந்தச் சுவீடன்காரர்களுக்கு அது வேலை செய்யக் கிடைத்த வாசல்.

1917-இல் ரஷ்யாவில் புரட்சி வந்தது. 1918-இல் எல்சாவின் அனுமதியை ரத்து செய்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் போர் முடிந்ததாக ஐரோப்பா முழுவதும் மணி அடித்தது. ஆனால் சைபீரியாவில் உள்நாட்டுப் போர் மூண்டுவிட்டது. ரயில் ஓடவில்லை. கைதிகள் வீட்டுக்குப் போக வழியில்லை. எல்சா நிறுத்தவில்லை. 1919-இலும் 1920-இலும் மறுபடி மறுபடி போனார். ஓம்ஸ்க் நகரத்தில் உளவாளி என்று பிடித்து மரண தண்டனையே விதித்தார்கள். பிறகு தண்டனையை நீக்கி, 1920-இல் காவலில் வைத்து, அதன்பின் விடுவித்தார்கள். செஞ்சிலுவைப் பணிக்குப் போன சிலர் திரும்பி வரவே இல்லை. எல்சா திரும்பி வந்தார். நார்வேக்காரரான நான்சென் அவர்கள் சர்வதேச சங்கத்தின் சார்பில் ஏற்பாடு செய்து, அடுத்த இரண்டு ஆண்டுகளில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கைதிகள் அவரவர் ஊர்களுக்குத் திரும்பினார்கள்.

இதோடு அவர் வேலை முடிந்தது என்று யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஐந்து வருடம் போதும்தானே? ஆனால் முகாம்களில் சாகக் கிடந்தவர்கள் அவரிடம் ஒன்றைக் கேட்டிருந்தார்கள்: "என் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்." அவரும் சரி என்று சொல்லியிருந்தார்.

சாகப்போகிறவரிடம் கொடுத்த வாக்கு எவ்வளவு கனமானது என்று எங்கள் வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவர் போய்விடுவார். நாம் மறந்துவிட்டால் கேட்க ஆள் இல்லை. எல்சா மறக்கவில்லை. தான் கண்டதையெல்லாம் ஒரு நூலாக எழுதினார். ஜெர்மன் மொழியில் 1922-இல் வெளிவந்தது. அந்த நூலில் வந்த பணத்தையும் நன்கொடைகளையும் கொண்டு, திரும்பி வந்த கைதிகள் உடல் தேற விடுதிகள் அமைத்தார். 1923-இல் அமெரிக்கா போய் ஆறு மாதம், 65 ஊர்களில் பேசினார். 1,00,000 டாலர் சேர்ந்தது. ஜெர்மனியில் அந்த வருடம் பணத்துக்கு மதிப்பே இல்லாமல் போய், ஒரு ரொட்டிக்குக் கோடிக்கணக்கில் மார்க் கொடுத்த காலம். அந்த டாலர்களைக் கொண்டு 1924 ஜனவரியில், நம் மாநிலத்திலேயே, மிட்வைடா நகரத்துக்குப் பக்கத்தில் நொய்சோர்கே என்ற பழைய மாளிகையில் பிள்ளைகள் இல்லம் தொடங்கினார். இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு அங்கே இடம் இருந்தது. கைதியாக இறந்தவர்களின் பிள்ளைகள், உடலும் மனமும் உடைந்து திரும்பியவர்களின் பிள்ளைகள்.

'சோர்கே' என்ற ஜெர்மன் சொல்லுக்குக் கவலை என்றும் அர்த்தம், பராமரிப்பு என்றும் அர்த்தம். எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடிக்கும். எங்கள் மருத்துவமனைக்கு நோயாளிகளோடு ஜெபிக்க வரும் போதகருக்கு 'ஸேல்சோர்கர்' என்று பெயர். ஆத்துமாவைப் பராமரிப்பவர். கவலைப்படுகிறவரே பராமரிக்கவும் செய்கிறார் என்று அந்த மொழி சொல்கிறது. நம்மில் பலர் கவலையோடு நிறுத்திக்கொள்கிறோம்.

1929-இல் எல்சா, ராபர்ட் ஊலிச் என்ற கல்வி அறிஞரை மணந்தார். அவர் சாக்சனி மாநிலக் கல்வி அமைச்சகத்தில் பணியாற்றியவர். அப்படித்தான் அம்மையார் டிரெஸ்டனுக்குக் குடிவந்தார். 1932-இல் இங்கே அவர்களுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. அப்போது எல்சாவுக்கு 43 வயது. 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஊலிச் தன் பதவியை விட்டுவிட்டு, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1934-இல் குடும்பம் கடல் கடந்தது.

கவனியுங்கள், இப்போது அவரே புலம்பெயர்ந்தவர். கேம்பிரிட்ஜ் என்ற அந்த ஊரில், ஹிட்லருக்குத் தப்பி வந்த ஜெர்மானிய, ஆஸ்திரிய அகதிகளைத் தேடிப் போனார். அவர்களில் யூதர்கள் நிறையப் பேர். படித்த பெண்கள், நல்ல நிலையில் வாழ்ந்தவர்கள், மொழி தெரியாமல் வேலை இல்லாமல் நின்றார்கள். அவர்களுக்காக 1939-இல் 'விண்டோ ஷாப்' என்ற கடை தொடங்கியது. எல்சா அதில் முன்னின்று உழைத்தார். அகதிப் பெண்கள் தைத்த துணிகளும், அவர்கள் கைப்பட வியன்னா முறையில் செய்த கேக்குகளும் அங்கே விற்பனைக்கு வந்தன. இனாமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளக் கூசுகிறவர்கள், தங்கள் கைவேலைக்குக் கூலி வாங்கும்போது தலை நிமிர்ந்து நிற்பார்கள் என்று அந்தக் கடையை நடத்தியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு இரண்டாம் உலகப் போர். 1945 பிப்ரவரி 13 இரவு தொடங்கி அவர் வாழ்ந்த இந்த நகரம் எரிந்தது. ஏறக்குறைய 25,000 பேர் இறந்தார்கள். இன்றும் ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் இரவு 9.45-க்கு ஆலய மணிகள் அடிக்கின்றனவே, அது அதற்காகத்தான். போர் முடிந்தபோது ஜெர்மனியின்மேல் உலகத்துக்கு இருந்தது கோபம். அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஜெர்மனி செய்த கொடுமைகள் அப்படிப்பட்டவை. அந்த நேரத்தில் எல்சா, ஜெர்மனியில் பட்டினி கிடந்த பிள்ளைகளுக்காக அமெரிக்காவில் நிதி திரட்டினார். யூத அகதிகளுக்கு வேலை தேடிக் கொடுத்த அதே கை, ஜெர்மானியப் பிள்ளைகளுக்காகவும் ஏந்தியது. அவரைப் பொறுத்தவரை பசித்த பிள்ளை பசித்த பிள்ளைதான்.

பிள்ளைகளுக்காக ஐரோப்பாவில் மறுபடியும் ஊர் ஊராகப் போய்ப் பேச வேண்டும் என்று பயணத்துக்குத் திட்டமிட்டிருந்தார். எலும்புப் புற்றுநோய் அவரைப் போக விடவில்லை. 1948 மார்ச் 4 அன்று கேம்பிரிட்ஜில் கண் மூடினார். 60 வயது நிறைய இன்னும் மூன்று வாரம் இருந்தது. நோபல் சமாதானப் பரிசுக்கு ஐந்து முறை அவர் பெயரைப் பரிந்துரைத்தார்கள். பரிசு கிடைக்கவில்லை. ஜெர்மனியின் சுவிசேஷத் திருச்சபை நாட்காட்டியில் மார்ச் 4 அவர் நினைவு நாளாக இருக்கிறது.

அந்நிய மண்ணில் சேவையிலேயே முடிந்த வாழ்க்கை நம் தேசத்தாருக்கும் புதிதல்ல. சோலாப்பூரில் பிறந்த டாக்டர் துவாரகாநாத் கோட்னிஸ், 1938-இல் ஐந்து இந்திய மருத்துவர்களில் ஒருவராகப் போர் நடந்த சீனாவுக்குப் போனார். 1942 டிசம்பர் 9 அன்று 32 வயதில் அங்கேயே மரித்தார். அவரை இன்றும் சீனாவில் நினைவுகூருகிறார்கள்.

அன்பானவர்களே, இந்த வாழ்க்கையிலிருந்து நம் சபைக்கு மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, யார் என்று பார்க்காமல் செய்வது. மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் நியாயத்தீர்ப்பைப் பற்றிச் சொல்லும்போது, பசி, தாகம், அந்நியர், உடையில்லாதவர், நோயாளி, சிறையில் இருப்பவர் என்று ஆறு பேரைச் சொல்கிறார். சைபீரியாவில் எல்சா பார்த்த ஒவ்வொரு மனிதனும் அந்த ஆறு பேராகவும் இருந்தான். இது கேட்க நன்றாக இருக்கும், செய்வது கஷ்டம். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு பெரியவர், "வேறு நர்ஸை அனுப்பு, நீ என்னைத் தொடாதே" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். என் நிறம்தான் காரணம் என்று மறைக்காமல் சொன்னார். அன்று அந்த வார்டில் இரவுப் பணியில் நான் மட்டும்தான். அவர் காலில் இருந்த புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டும். "வேறு யாரும் இல்லை ஐயா, நானே மாற்றுகிறேன், வலித்தால் சொல்லுங்கள்" என்று சொல்லி மாற்றினேன். மூன்று வாரம் மாற்றினேன். அவர் கடைசிவரை எனக்கு நன்றி சொல்லவில்லை. புண் ஆறி வீட்டுக்குப் போனார். இந்தக் கதைக்கு வேறு நல்ல முடிவு இல்லை. புண் ஆறியதுதான் முடிவு. என் பெருமையைச் சொல்ல இதைச் சொல்லவில்லை. இந்த ஊரில் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் பலர் இப்படிப்பட்ட வார்த்தைகளைக் கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த வார்த்தை தவறு. அதைத் தவறு என்று மேலதிகாரியிடம் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, சொல்லவும் வேண்டும். நானும் சொன்னேன். ஆனால் அந்தக் கட்டு மாற்றப்பட வேண்டும். இரண்டையும் சேர்த்தே செய்ய முடியும்.

இரண்டாவது, எண்ணிச் செய்வது. 'ஏதாவது உதவி வேண்டுமானால் சொல்லுங்கள்' என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். எல்சா அப்படிச் சொல்லவில்லை. எத்தனை சட்டை வேண்டும் என்று எண்ணினார். நம் சபையில் படிக்க வந்திருக்கும் தம்பி தங்கைகள் எத்தனை பேர் தனியறையில் இருக்கிறார்கள்? அவர்களில் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் கஞ்சி கொண்டுபோகிறவர் யார்? மருத்துவக் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு கூடவே டாக்டரிடம் போகிறவர் யார்? புதிதாகப் பிள்ளை பெற்ற தாய்க்கு முதல் பத்து நாள் சமைத்துக் கொடுப்பவர் யார்? பெயரும் போன் எண்ணும் எழுதிய ஒரு பட்டியல் சபையில் இருக்க வேண்டும். இந்த ஆண்டு விழாவின் நினைவாக, இந்த மலரோடு சேர்த்து, அந்தப் பட்டியலையும் தயார் செய்வோம் என்று மூப்பர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். நம் சபைக்கு வெளியே, உக்ரைனிலிருந்து பிள்ளைகளோடு வந்து இதே ஊரில் தங்கியிருக்கும் தாய்மாரையும் அந்தப் பட்டியல் எட்டட்டும். விழாக் காணிக்கையில் ஒரு பங்கை அதற்காக எடுத்து வைக்க முடியுமா என்று சபைக் குழு யோசிக்கும்படி தாழ்மையுடன் கேட்கிறேன்.

மூன்றாவது, சொன்ன வாக்கைக் காப்பது. எல்சா சைபீரியாவில் கொடுத்த வாக்கை நிறைவேற்ற அமெரிக்கா வரை போனார். நாம் ஊரை விட்டுப் புறப்படும்போது யாருக்கெல்லாம் என்னவெல்லாம் சொல்லிவிட்டு வந்தோம்? 'வாரா வாரம் போன் பண்ணுகிறேன் அம்மா' என்று சொன்னவர்கள் இருக்கிறோம். 'உன் படிப்புச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அண்ணன் பிள்ளையிடம் சொன்னவர்கள் இருக்கிறோம். இன்று ராத்திரி அதில் ஒன்றையாவது ஞாபகப்படுத்திக்கொள்வோம்.

கடைசியாக, முன்வரிசைப் பிள்ளைகளே. உங்களுக்கு ஒரு சின்ன வேலை. ரயிலேறிச் சைபீரியாவுக்கெல்லாம் போக வேண்டாம். உங்கள் வகுப்பில் புதிதாக வந்து, ஜெர்மன் சரியாகப் பேச வராமல், இடைவேளையில் தனியாக நிற்கிற ஒரு பிள்ளை நிச்சயம் இருக்கும். உங்கள் அப்பா அம்மா இந்த ஊருக்கு வந்த புதிதில் அப்படித்தான் நின்றார்கள், வீட்டில் கேட்டுப் பாருங்கள். நாளைக்கு அந்தப் பிள்ளையின் பெயரைக் கேளுங்கள். மறுநாள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்து அந்தப் பெயரைச் சொல்கிறவர்களுக்கு, ஊரிலிருந்து வந்த முறுக்கு காத்திருக்கும்.

பிற தேசத்துக் கைதிகளுக்குத் துணி கொண்டுபோன அந்த அம்மையாருக்காகவும், மேய்ப்பர் இல்லாத நாளில் நம் முன்னோரின் சபைகளைத் தாங்கிய தூரதேசத்து மக்களுக்காகவும், இத்தனை ஆண்டுகள் அந்நிய மண்ணில் நம்மைக் காத்து நடத்திய கிருபைக்காகவும் தேவனை ஸ்தோத்திரிப்போம்.  ஆண்டவர் நம் சபையையும், இந்த நகரத்தையும், போர் நடக்கும் இடங்களில் இன்றிரவும் கட்டு மாற்றிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு கையையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.